எண்பத்தேழாவது அழைப்பு

கார்வர் ஃபால்ஸ், மெய்ன்
18 மே 2008

அன்புள்ள லூசியன் அண்ணனுக்கு,

கொரீன் எழுதுகிறேன். என் வலது முழங்காலைத் தவிர இங்கே எல்லாம் சுகம். அங்கே உன் ரத்தக்கொதிப்பு எப்படி? பிரிசில்லா அண்ணி உப்பைக் குறைக்கிறாளா, இல்லை உன் வாய்ப்பேச்சில் மயங்கி விட்டுவிடுகிறாளா?

வியாழக்கிழமை எங்கள் கல்லூரிக் கமிட்டிக் கூட்டத்துக்கு வந்தாய், ஒன்றரை மணி நேரம் பேசினாய், நான் வாங்கி வைத்த சாண்ட்விச்சில் இரண்டைத் தின்றாய். தங்கை வீடு நாலு தெரு தள்ளி இருக்கிறது என்பதையே மறந்து பாஸ்டனுக்குக் காரை விட்டாய். உனக்காக வெல்லப்பாகும் பன்றிக்கறியும் போட்டுப் பானையில் வைத்த பீன்ஸை நானும் மகள் ஓடிலும் மூன்று நாள் தின்று தீர்த்தோம்.

முதலீட்டு ஆலோசகராக நீ எங்களுக்குக் கொடுக்கிற நீல அட்டைப் புத்தகத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நூற்றுப் பன்னிரண்டு பக்கம். கமிட்டியில் உட்கார்ந்திருக்கிற மரக்கடைக்காரர், பல் டாக்டர், பாதிரியார் எல்லோரும் கடைசிப் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். மினிட்ஸ் எழுதுகிற நான் ஒருத்திதான் முழுக்கப் படிக்கிறேன். நாற்பத்தொன்றாம் பக்கத்தில் நம் கல்லூரியின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் டெக்சாஸில் இருக்கிற ஏதோ ஆஸ்பத்திரியின் பெயர். பொருளாளர் டிங்லியிடம் காட்டினேன். சிரிக்கக் காசு கேட்கிற மனிதர், அவரே சிரித்துவிட்டார்.

"ஏன் கொரீன், நாம எப்பலேருந்து டெக்சாஸ்ல ஆஸ்பத்திரி நடத்துறோம்?"

"நேத்துலேருந்து சார். முதல் ஊசி உங்களுக்குத்தான்."

எல்லா வாடிக்கையாளருக்கும் ஒரே புத்தகத்தைப் போட்டுப் பெயரை மட்டும் மாற்றுகிறீர்கள் என்று இப்போது புரிந்தது. போகட்டும். ஒன்று மட்டும் கேட்கிறேன். புது விடுதி கட்ட வங்கியில் வாங்கிய பன்னிரண்டு மில்லியனை, கட்டட வேலை நடக்கிற வரைக்கும் அந்த ஹெரன் முதலீட்டு ஃபண்டில் போட்டு வைக்கச் சொன்னாயே, அது பத்திரம்தானே? கமிட்டியில் யாரும் கேட்கவில்லை. "கொரீனோட அண்ணன் சொன்னா சரிதான்" என்று கையைத் தூக்கிவிட்டார்கள். உன்னை இந்தக் கல்லூரிக்கு அறிமுகப்படுத்தியவள் நான். அதனால்தான் நான் கேட்கிறேன்.

ஓடில் எங்கள் கல்லூரியிலேயே நர்சிங் இரண்டாம் வருஷத்தை நல்ல மார்க்கோடு முடித்துவிட்டாள். மாமாவுக்கு முத்தம் சொல்லச் சொன்னாள்.

உன் தங்கை
கொரீன்


வெல்ஸ்லி, மாசசூசெட்ஸ்
8 ஜூன் 2008

அன்புத் தங்கை கொரீனுக்கு,

லூசியன். ரத்தக்கொதிப்பு கட்டுக்குள் இருக்கிறது. உப்பில்லாத சூப்பைக் குடிப்பதைவிடக் கொதிப்போடு இருப்பது மேல் என்று தோன்றுகிற நாட்களும் உண்டு. உன் முழங்காலுக்கு நல்ல டாக்டராகப் பார். செலவு என்னுடையது.

நாற்பத்தொன்றாம் பக்கத்துக்கு மன்னித்துக்கொள். அதைத் தயாரித்த பையனைக் கூப்பிட்டுக் கண்டித்தேன். நீ அலுவலக மின்னஞ்சலுக்கு எழுதாமல் வீட்டுக்குக் கடிதமாக எழுதியது நல்லதாகப் போயிற்று. அங்கே வருகிற ஒவ்வொரு வரியையும் ஏழு வருஷம் சேமித்து வைக்கிறார்கள், தங்கை திட்டியதும் சேர்த்து. காகிதம் என்றால் படித்துவிட்டு அடுப்பில் போட்டால் முடிந்தது.

ஹெரன் ஃபண்டைப் பற்றிக் கவலைப்படாதே. ஒரு மாதம் முன்னால் நோட்டீஸ் கொடுத்தால் காலாண்டு முடிவில் முழுப் பணமும் கைக்கு வரும். வங்கியில் சும்மா கிடப்பதைவிடக் கொஞ்சம் கூடுதலாகச் சம்பாதிக்கும். எங்களுக்கு வேலையே இதுதானே. அப்பாவின் ஷூ ஃபேக்டரி மூடியது நினைவிருக்கிறதா? முதலாளி ஏப்ரல் மாதமே தன் வீட்டுப் பியானோவை லாரியில் ஏற்றினார். தெருவே வாசலில் நின்று வேடிக்கை பார்த்தது. ஜூனில் ஃபேக்டரிக்குப் பூட்டு. "பியானோ போகுதே, அடுத்து என்ன போகும்னு எங்க ஒருத்தனுக்கும் தோணலயேடா" என்று அப்பா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். நான் இந்தத் தொழிலுக்கு வந்ததே, அந்த லாரியை முதலில் பார்த்து மற்றவர்களுக்குச் சொல்கிற ஆளாக இருக்கத்தான்.

ஓடிலுக்கு என் ஆசிகள். அவள் படித்து முடிக்கிறவரை தகப்பன் இடத்தில் நான் இருக்கிறேன்.

அண்ணன்
லூசியன்


கார்வர் ஃபால்ஸ்
20 ஜூலை 2008

அன்புள்ள அண்ணா,

முழங்கால் அப்படியேதான். மற்றபடி வெயிலும் கொசுவும் நாங்களும் நலம். அங்கே நீங்கள் இருவரும் சுகம் என்றே நினைத்துக்கொள்கிறேன்.

பியானோ கதையைப் படித்து அழுதுவிட்டேன். நீ சொன்னால் எனக்குத் தைரியம் வந்துவிடுகிறது, சின்ன வயசிலிருந்தே அப்படித்தான்.

விடுதிக்கு அஸ்திவாரம் போட்டாயிற்று. ஓடில் லீவில் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாள். கல்லூரிச் சமையல்கூடத்தில் இருக்கிற ஜீனட் வெலெட்டின் மகள் மிஷேலும் அங்கேதான். இரண்டும் ஒரே வகுப்பு, ஒரே சைக்கிள், ஒரே சிரிப்பு. ஆகஸ்டு பதினைந்து மாதா திருநாளுக்கு வா. இந்த முறை வரவில்லை என்றால் உன் பங்கு பீன்ஸைப் பார்சலில் அனுப்புவேன், வெல்ஸ்லி முழுக்க நாறட்டும்.

எதிர்பார்க்கும்
கொரீன்


வெல்ஸ்லி
24 ஆகஸ்டு 2008

அன்புள்ள கொரீன்,

நலம்தானே? திருநாளுக்கு வர முடியவில்லை. அலுவலகத்தில் நெருக்கடி. தினமும் ஒவ்வொரு வாடிக்கையாளராகப் போனில் பேச வேண்டியிருக்கிறது. ஆப்பிள் மரம் இந்த வருஷம் காய்த்திருக்கிறதா? கூரையில் ஒழுகுகிற இடத்தை மழைக்கு முன்னால் சரிசெய்துவிடு.

ஓடில் விஷயமாக யோசித்துப் பார்த்தேன். ஓரோனோவில் இருக்கிற மாநிலப் பல்கலைக்கழகத்தில் நர்சிங் இருக்கிறது. பெரிய இடம், பக்கத்திலேயே பெரிய ஆஸ்பத்திரி. ஜனவரியில் மாறிச் சேர அக்டோபர் ஒன்றுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். அவளை அங்கே மாற்றிவிடு. தள்ளிப்போடாதே. கட்டணம், விடுதி, புத்தகம் எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன். ஏன் எதற்கு என்று அவளோடு வாதம் செய்துகொண்டிருக்காதே, மாமாவின் ஆசை என்று சொல். வெளியில் யாரிடமும் சொல்ல வேண்டாம், தேவையில்லாத பேச்சு வரும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

லூசியன்


கார்வர் ஃபால்ஸ்
1 செப்டம்பர் 2008

அன்புள்ள அண்ணா,

நான் சுகம், நீதான் சுகமில்லை போலிருக்கிறது. புதன்கிழமை டிங்லியைக் கேட்டு ஆபீசுக்குப் போன் செய்தாயே, உன் குரல் சளி பிடித்த மாதிரி இருந்தது. எப்போதும் என்னைக் கிண்டல் செய்யாமல் போனை வைக்க மாட்டாய். "சார் ஏரிக்கரைக் குடிலுக்குப் போயிருக்காரு, ஆகஸ்டு கடைசி வாரம் அவருக்கு மீன்தான் உலகம், எதாவது சொல்லணுமா?" என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல, சும்மாதான். பீன்ஸ் வச்சியா?" என்றாய். நான் கறார் குமாஸ்தா, போன் செய்தி குறிக்கிற இளஞ்சிவப்புத் தாளில் அதையும் எழுதி அவர் மேசையில் வைத்தேன். 27 ஆகஸ்டு, 11:10, லூசியன் திபோ, செய்தி: ஒன்றுமில்லை.

மறுநாள் உன் கடிதம் வந்தது. ஓடில் முதலில் குதித்தாள். "மிஷேல விட்டுட்டு நான் எங்கயும் போகமாட்டேன்" என்று கதவைச் சாத்திக்கொண்டாள். அப்புறம் ஓரோனோ ஆஸ்பத்திரியின் படத்தைப் பார்த்துவிட்டு அவளாகவே இறங்கி வந்தாள். விண்ணப்பம் நாளை போகிறது. உனக்கு எதற்குத் திடீரென்று இந்த ஆசை என்று எனக்குப் புரியவில்லை. பெரிய ஊரில் இருக்கிறவர்களுக்கு எங்கள் சின்னக் கல்லூரி போதவில்லையாக்கும் என்று கொஞ்சம் கோபம்தான். சேர்த்துக்கொண்ட பிறகு மன்னிக்கிறேன்.

ஆப்பிள் கிளை முறியக் காய்த்திருக்கிறது.

கொரீன்


கார்வர் ஃபால்ஸ்
21 செப்டம்பர் 2008

அன்புள்ள அண்ணா,

மூன்று வாரமாகப் பதில் இல்லை. உடம்புக்கு ஒன்றுமில்லையே? நியூயார்க்கில் பெரிய வங்கியே சாய்ந்துவிட்டதாம், டிவியில் ஆட்கள் அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். அதில் உன் முகம் தெரிகிறதா என்று தேடிக்கொண்டிருக்கிறேன்.

ஒன்பதாம் தேதி நீ டிங்லியோடு பேசியபோது நானும் அறையில் இருந்தேன். ஹெரனிலிருந்து பணத்தை எடுங்கள் என்று நீ சொன்ன அரை மணி நேரத்தில் நோட்டீஸை ஃபேக்ஸில் அனுப்பினேன். ஆகஸ்டு இருபத்தொன்பதுக்குள் வந்திருந்தால் இந்த மாதமே கிடைத்திருக்கும், இனி டிசம்பர் கடைசியில்தான் என்று பதில் வந்திருக்கிறது. பதினோரு நாளில் தவறிவிட்டது என்று டிங்லி தலையில் கைவைத்து உட்கார்ந்திருக்கிறார். டிசம்பரில் வந்துவிடும் அல்லவா? ஒரு வரி எழுது, போதும்.

ஓடிலுக்கு ஓரோனோவில் இடம் கிடைத்துவிட்டது.

கொரீன்


வெல்ஸ்லி
12 அக்டோபர் 2008

அன்புள்ள கொரீன்,

தாமதத்துக்கு மன்னிப்பாய். எனக்கு உடம்பு பரவாயில்லை, தூக்கம்தான் இல்லை. நீ நலம் என்று நம்புகிறேன்.

செய்தி உங்களுக்கும் வந்திருக்கும். ஹெரன் கதவைச் சாத்திவிட்டது. ஆகஸ்டுக்குள் நோட்டீஸ் கொடுத்தவர்களுக்கு முழுப் பணத்தையும் கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு எப்போது, எவ்வளவு என்று சொல்ல முடியாது. இப்படி நடக்கும் என்று உலகத்தில் எவனுக்கும் தெரியாது. பழம் தின்று கொட்டை போட்ட ஆட்களே கவிழ்ந்து கிடக்கிறார்கள். கல்லூரிக்கு நேரம் சரியில்லை, வேறென்ன சொல்ல.

ஓடிலின் முதல் தவணைக்குச் செக் வைத்திருக்கிறேன். அவள் நன்றாகப் படிக்கட்டும்.

லூசியன்


கார்வர் ஃபால்ஸ்
14 டிசம்பர் 2008

அண்ணா,

உயிரோடு இருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை மாலை எல்லோரையும் கூடத்துக்குக் கூப்பிட்டார்கள். இந்த மாதத்தோடு கல்லூரி மூடப்படுகிறது. கட்டடக்காரருக்குக் கொடுக்கப் பணமில்லை, விடுதி இரண்டாம் மாடியோடு நிற்கிறது, மேலே நீலத் தார்ப்பாய். வங்கி கடனைக் கேட்கிறது, மூலநிதியில் மிச்சமிருப்பது அதற்கே போய்விடும். அறுநூறு பிள்ளைகள். கடைசி வருஷ நர்சிங் பிள்ளைகளை மட்டுமாவது முடிக்க வைக்க முயற்சி செய்வார்களாம். மிஷேல் மூன்றாம் வருஷம், அவளுக்கு ஒன்றுமில்லை. ஓரோனோவில் ஜனவரி இடமெல்லாம் நிரம்பிவிட்டது.

கூட்டம் முடிந்து என் கோட்டு எடுக்கப் போனேன். ஜீனட் வந்து எதிரில் நின்றாள். இருபது வருஷமாக என் காபிக்குப் பால் ஊற்றுகிறவள்.

"உன் பொண்ணு மட்டும் எப்படி கொரீன் செப்டம்பர்லயே இடம் தேடிக்கிட்டா?"

"மாமா ஆசைப்பட்டாருன்னு..."

"மாமாவா? காலேஜ் பணத்தைப் பாத்துக்கிட்டிருந்த மாமாவா?" என்றாள். அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானும் ஒரு விண்ணப்பம் போட்டிருப்பேனே. அதுக்கு என்னடி செலவு உனக்கு?"

சுற்றி நின்றவர்கள் எல்லோரும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். இன்று காலைப் பூசையில் என் பெஞ்சில் யாரும் உட்காரவில்லை.

வீட்டுக்கு வந்து மிட்டாய் டப்பாவில் இருக்கிற உன் கடிதங்களை எடுத்துத் தேதி பார்த்தேன். ஒரே ஒரு கேள்விதான். எனக்கு எப்போது தெரியும் என்று ஊர் கேட்கிறது. உனக்கு எப்போது தெரியும்?

கொரீன்


வெல்ஸ்லி
4 ஜனவரி 2009

அன்புத் தங்கையே,

இதைப் பத்து முறை எழுதிக் கிழித்தேன். உன்னிடம் பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லை.

ஆகஸ்டு பதினான்காம் தேதி எங்கள் ஆள் ஒருவன் ஹெரன் அலுவலகத்துக்குப் போனான். கணக்கைக் காட்டுங்கள் என்றான். சிரித்து, காபி கொடுத்து, கணக்கைக் காட்டாமலே அனுப்பிவிட்டார்கள். பதினெட்டாம் தேதி திங்கட்கிழமை பங்குதாரர்கள் உட்கார்ந்து, எல்லா வாடிக்கையாளரையும் வெளியே கொண்டுவருவது என்று முடிவெடுத்தோம். எங்கள் வழக்கம் உனக்குத் தெரியாது. இந்த மாதிரி விஷயத்தைக் கடிதத்தில் எழுத மாட்டோம். பங்குதாரர் ஒருவரே போனில் பேச வேண்டும், வக்கீல் எழுதிக்கொடுத்த வாசகத்தை மட்டும் சொல்ல வேண்டும், ஆள் இல்லையென்றால் செய்தி விடக் கூடாது. கட்டணம் அதிகம் கொடுப்பவர் முதலில். இருபது வருஷமாக அந்த வரிசைதான், அதனால் யாருக்கும் ஒரு நஷ்டமும் வந்ததில்லை. யாருக்கும் அவசரம் இருந்ததில்லையே. தொண்ணூற்று நாலு பேர். ஒரு நாளைக்கு ஐந்தாறு பேர். உங்கள் கல்லூரி எண்பத்தேழாவது.

எல்லோரும் ஒரே நாளில் கேட்டிருந்தால் ஹெரன் அன்றே கதவைச் சாத்தியிருக்கும், ஒருவருக்கும் கிடைத்திருக்காது. இதையும் நினைத்துப் பார். நான் வரிசையை மீறினால் வேலை போகும், வழக்கு வரும். இருந்தும் இருபத்தேழாம் தேதி வரிசையை மீறித்தான் போன் செய்தேன். டிங்லி எடுத்திருந்தால் சொல்லியிருப்பேன், சத்தியம். நீ எடுத்தாய். உன் குரலைக் கேட்டதும் வக்கீல் கொடுத்த காகிதத்தை வைத்துக்கொண்டு என்ன சொல்வதென்று தெரியவில்லை. தங்கைக்குச் சொன்னான் என்று ஆகிவிடுமே என்று பயந்தேன். பயந்தேன், அவ்வளவுதான்.

ஓடிலையாவது காப்பாற்றினேன் என்று நினைத்துக்கொள்.

உங்கள் கல்லூரியின் வக்கீல் எங்களுக்கு எழுதியிருக்கிறார். முறைப்படி முடிவெடுத்தது செப்டம்பர் ஐந்தாம் தேதி என்றும், அதற்கு முன் நடந்ததெல்லாம் வெறும் பேச்சு என்றும் அலுவலகம் பதில் கொடுத்திருக்கிறது. முதலில் பணம் எடுத்தவர்கள் வாய் திறக்க மாட்டார்கள். அந்தத் தேதியைப் பொய்யாக்கக்கூடிய காகிதம் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது, உன் மிட்டாய் டப்பாவில். ஆகஸ்டு இருபத்து நாலாம் தேதிக் கடிதம். இதையும் அதையும் அடுப்பில் போட்டுவிடு.

அண்ணன்
லூசியன்


வெல்ஸ்லி
25 ஜனவரி 2009

கொரீன்,

மூன்று வாரமாகத் தினமும் தபால்பெட்டியைத் திறந்து பார்க்கிறேன். போனையும் எடுக்க மாட்டேன் என்கிறாய். உன் முழங்கால் எப்படி?

எனக்கு ஐம்பத்தெட்டு வயது. இந்த வீட்டுக்கு இன்னும் கடன் இருக்கிறது. பிரிசில்லாவுக்கு எதுவும் தெரியாது. அப்பா இறந்த பிறகு உன்னை யார் படிக்க வைத்தார்கள் என்று சொல்லிக்காட்டும் ஆள் நான் இல்லை. ஆனால் நினைத்துப் பார். எரித்துவிட்டேன் என்று ஒரு வரி எழுது.

லூசியன்


கார்வர் ஃபால்ஸ்
8 மார்ச் 2009

லூசியன் அண்ணனுக்கு,

இந்த முறை சுகம் விசாரிக்கவில்லை. என் சுகத்தைப் பற்றியும் எழுதப்போவதில்லை.

எரிக்கவில்லை. அடுப்பைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தது உண்மை. நீ எனக்குப் பள்ளிக்கூடத்துக்கு வாங்கிக்கொடுத்த கோட்டு நினைவுக்கு வந்தது. பச்சைக் கோட்டு, பெரிய பொத்தான். அதை நினைத்து அழுதேன். அப்புறம் எழுந்து டப்பாவோடு டிங்லியிடம் போனேன்.

பிப்ரவரி கமிட்டிக் கூட்டத்தில் இரண்டு கடிதத்தையும் வாய்விட்டு நான்தான் படித்தேன். இளஞ்சிவப்புப் புத்தகத்தின் கார்பன் பிரதியையும் வைத்தேன். ஒருவரும் சாண்ட்விச்சைத் தொடவில்லை. "கொரீன், இருபத்தேழாம் தேதி எங்கிட்ட வந்து நீ சொல்லியிருந்தா..." என்று டிங்லி ஆரம்பித்தார். மீதியை அவரே விழுங்கிக்கொண்டார். அவர் குடில் பதினொரு மைல் தூரம், லூசியன். நீ ஒரே ஒரு சொல் சொல்லியிருந்தால் அந்த முழங்காலோடு நடந்தே போயிருப்பேன். ஃபேக்ஸ் அனுப்ப இன்னும் இரண்டு முழு நாள் இருந்தது. நீ பீன்ஸ் வைத்தாயா என்று கேட்டாய்.

உன் அலுவலகத்து வக்கீல்கள் கடிதத்தைப் பார்த்த மறுநாளே ஓடி வந்தார்கள். நாலு வருஷக் கட்டணத்தைத் திருப்பிக் கொடுக்கிறார்கள். தப்பு செய்தோம் என்று ஒத்துக்கொள்ள மாட்டார்கள், ஒத்துக்கொள்ளச் சொல்லி நாமும் கேட்கக் கூடாது. மூன்று லட்சம் டாலர். கல்லூரியைக் காப்பாற்ற அது காணாது. கடைசி வருஷ நர்சிங் பிள்ளைகள் முப்பத்தொரு பேருக்கு மே மாதம் வரை ஆசிரியர் சம்பளம் கொடுக்கச் சரியாக இருக்கும். ஆனால் ஒரு நிபந்தனை. அந்தக் கடிதங்களைப் பற்றியும் தேதியைப் பற்றியும் யாரும் யாரிடமும் பேசக் கூடாது. கமிட்டி முழுக்கக் கையெழுத்துப் போட வேண்டும். கடிதம் என்னுடையது என்பதால் நானும் போட வேண்டும், நான் போடாவிட்டால் பணமில்லை.

போட்டேன்.

அதற்கு என்ன அர்த்தம் என்று உனக்குப் புரியும், உன் தொழில் அது. எனக்குத் தெரியாது ஜீனட், நானும் உன்னை மாதிரி ஏமாந்தவள்தான் என்று இனி நான் சாகும்வரை அவளிடம் சொல்ல முடியாது. என் வாயை என் கையாலேயே கட்டிக்கொண்டேன். மிஷேல் இப்போது கிடங்கில் பூட்சுப் பெட்டிக்கு டேப் ஒட்டுகிறாள். கடையில் என்னைப் பார்த்தால் ஜீனட் அடுத்த வரிசைக்குப் போய்விடுகிறாள். இந்த ஊரில் பிறந்தேன், இங்கேதான் புதைப்பார்கள். தன் பிள்ளையை மட்டும் தூக்கிக்கொண்டு ஓடியவள் என்ற பெயரோடு புதைப்பார்கள்.

மற்றவர்களுக்கு லாரியைக் காட்டுகிற ஆளாக இருக்கத்தான் இந்தத் தொழிலுக்கு வந்ததாக எழுதினாயே. ஆகஸ்டில் நீயும் பியானோவைத்தான் ஏற்றினாய், லூசியன். பியானோவுக்குப் பெயர் ஓடில்.

அவளிடம் சொல்லிவிட்டேன், கையெழுத்துப் போடுவதற்கு முன்னாலேயே. "மிஷேலுக்கு நான் என்னன்னு எழுதறதும்மா?" என்று மட்டும் கேட்டாள். ஆஸ்பத்திரிச் சாப்பாட்டுக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள். நீ கட்டிய முதல் தவணையை மாதாமாதம் உனக்குத் திருப்பிக் கொடுத்துக் கழிப்பாளாம். நீ அனுப்பிய இரண்டாவது செக்கைத் திருப்பி அனுப்பச் சொன்னாள், இதில் வைத்திருக்கிறேன்.

நீ பதவியிலிருந்து கௌரவமாக ஓய்வு பெறுகிறாய் என்றும், ஜூனில் விருந்து என்றும் கேள்விப்பட்டேன். வெள்ளித் தட்டு கொடுப்பார்கள். வாங்கிக்கொள்.

என் மேசையைக் காலி செய்துகொண்டிருக்கிறேன். உன் நீலப் புத்தகங்கள் பதினாறு, குப்பைக்குப் போகின்றன. இளஞ்சிவப்புத் தாளில் பாதிப் புத்தகம் மிச்சம். நீ தினமும் தபால்பெட்டியைத் திறந்து பார்ப்பதாக எழுதியிருந்தாய். வெறுங்கையோடு திரும்ப வேண்டாம் என்று ஒரு தாளைக் கிழித்து நிரப்பி இத்துடன் அனுப்புகிறேன்.

யாருக்கு: லூசியன் திபோ
யாரிடமிருந்து: கொரீன்
தேதி: 8 மார்ச், 11:10
செய்தி: ஒன்றுமில்லை.